புதியவர் எழுதும் ரன்புக்: டிப்ளாய்மென்ட் ஆவணத்தை எங்கிருந்து தொடங்குவது?

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் லேப்டாப்போடு ஒரு லிங்க்கும் கைக்கு வரும். "எல்லாம் விக்கியில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். அதில் இருப்பது ரன்புக், அதாவது சேவையை இயக்கும், கோளாறைச் சரிசெய்யும் படிகளைச் சொல்லும் ஆவணம். திறந்தால் பாதிப் பக்கங்கள் இரண்டு ஆண்டாக யார் கையும் படாதவை. அதில் சொல்லியிருக்கும் சர்வர் இப்போது இல்லை. எழுதியவரும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து மேலாளர் வந்து, "படிக்கும்போதே அப்படியே புதுப்பித்துவிடுங்களேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். வெறுமனே உட்கார்ந்திருக்கக் கூடாதே என்று கொடுத்த வேலை இது என்றுதான் பல புதியவர்களுக்குத் தோன்றும். ஆனால் அந்தக் குழுவில் இந்த வேலையைச் சரியாகச் செய்யக்கூடியவர் அப்போதைக்கு அவர் ஒருவர்தான்.

ஐந்து ஆண்டாக டிப்ளாய் செய்கிறவருக்கு (புதிய நிரலைச் சர்வரில் ஏற்றுகிறவருக்கு), அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைய விபிஎன்னில் இணைவது ஒரு படியாகவே தோன்றாது. சர்வருக்குள் நுழைய என்றைக்கோ அவர் லேப்டாப்பில் போட்டு வைத்த எஸ்எஸ்எச் சாவி, என்றைக்கோ எழுதி வைத்த சுருக்கக் கட்டளை, யாரோ ஒருவரிடம் வாங்கிய அனுமதி எல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்துகொண்டிருக்கும். "ஸ்கிரிப்ட்டை ஓட்டினால் போதும், முடிந்தது" என்று அவர் சொல்வதில் பொய்யில்லை. உங்களுக்கு அந்த ஸ்கிரிப்ட் ஓடுவதற்குள் பத்து இடத்தில் தடுக்கும். தடுக்கிய இடமெல்லாம் ஆவணத்தில் விடுபட்ட வரி. ஓரிரு மாதத்தில் உங்களுக்கும் கை பழகிவிடும். பிறகு அந்த இடங்கள் உங்கள் கண்ணிலும் படாது. அதனால் சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, தடுக்கிய இடங்களைத் தேதியோடு குறித்துக்கொண்டே வாருங்கள். அழகாக எழுதவேண்டியதில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்

அடுத்த டிப்ளாய்மென்ட் எப்போது என்று கேட்டு, அதைச் செய்பவர் பக்கத்தில் உட்காருங்கள். வீட்டிலிருந்து வேலை என்றால் திரையைப் பகிரச் சொல்லுங்கள். அவர் ஓட்டும் கட்டளைகளை அவசர அவசரமாகத் தட்டச்சு செய்யவேண்டாம். முடிந்ததும் அவர் டெர்மினலின் வரலாற்றை வாங்கிக்கொண்டால் அவை அப்படியே கிடைத்துவிடும். வரலாற்றில் பதியாதவற்றில்தான் உங்கள் கவனம் இருக்கவேண்டும்.

ஒவ்வொரு படி முடிந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்த மெஷினில் ஓடியது? எதைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று முடிவு செய்தீர்கள்? அது வராமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? முதல் கேள்விக்குப் பதில் ஒரு நொடியில் வரும். இரண்டாவதுக்குக் கொஞ்சம் யோசிப்பார். மூன்றாவதைக் கேட்டால் பழைய கதைகளெல்லாம் வெளியே வரும். அவற்றில் பாதியாவது எங்கும் எழுதப்படாதவையாக இருக்கும்.

டிப்ளாய்மென்ட்டுக்கு நடுவில் மூத்தவர் ஒரு கிராஃபைத் திறந்து சில நொடி பார்த்துவிட்டு மூடுவார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "ஒன்றுமில்லை, சும்மாதான்" என்பார். விடாதீர்கள். இன்னொரு முறை கேட்டால், 500 வரிசைப் பிழைகள் (சர்வர் பக்கக் கோளாறைக் காட்டுபவை) ஏறுகின்றனவா என்று பார்த்ததாகச் சொல்வார். எவ்வளவு ஏறினால் கவலைப்படவேண்டும், எத்தனை நிமிடம் பார்த்தால் போதும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் பக்கம்: எது எங்கே ஓடுகிறது

கட்டளைகளுக்கு முன் ஒரு வரைபடம் வேண்டும். எடுத்துக்காட்டுக்கு, ஒரு கல்லூரிக் கட்டணம் வசூலிக்கும் இணையச் சேவை என்று வைத்துக்கொள்வோம். உலாவியிலிருந்து வரும் கோரிக்கை முதலில் கோரிக்கைகளைப் பங்கிடும் மென்பொருளான என்ஜின்எக்ஸுக்கு வருகிறது. அது செயலி-1, செயலி-2 என்ற இரண்டு மெஷின்களுக்குப் பிரித்து அனுப்புகிறது. இரண்டும் 5432 என்ற போர்ட்டில் காத்திருக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுடன் பேசுகின்றன. பணம் கட்டும்போது வங்கியின் கட்டண வாயிலை அழைக்கின்றன. ரசீது அனுப்ப ஒரு பின்னணி வேலை தனியாக ஓடுகிறது. இவ்வளவுதான். இதைப் படமாக வரைந்து ஒட்டாமல், எழுத்தாகவோ எளிய அம்புக்குறிகளாகவோ வைத்திருங்கள். படத்தைத் திருத்த அதை வரைந்த மென்பொருள் வேண்டும். அது யாரிடம் இருக்கிறது என்று தேடுவதற்குள் படம் பழசாகிவிடும்.

ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு தகவல் போதும்: கன்ஃபிக் (அமைப்புகள்) கோப்பு எங்கே, லாக் (நடந்தவற்றின் பதிவு) எங்கே, யார் பொறுப்பு, இது நின்றுபோனால் யாருக்கு என்ன தெரியும். கடைசித் தகவலைப் பலர் விட்டுவிடுவார்கள். பின்னணி வேலை நின்றுபோனால் பணம் கட்டுவது நிற்காது, ரசீது மட்டும் வராது. நள்ளிரவில் அலாரம் அடிக்கும்போது படுக்கையை விட்டு எழுவதா, காலையில் பார்த்துக்கொள்வதா என்பதை அந்த ஒரு வரி தீர்மானித்துவிடும்.

பக்கத்தின் உச்சியிலேயே நேரக் கணக்கைப் போட்டுவிடுங்கள். சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும்; இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். சென்னையில் அதிகாலை 2 மணிக்கு நடந்த கோளாறு, லாக்கில் முந்தைய நாள் 20:30 என்று கிடக்கும். நள்ளிரவு 12 மணிக்கு ஓடும்படி யுடிசியில் வைத்த வேலை, இங்கே காலை 5:30-க்குத்தான் ஓடும். தூக்கக் கலக்கத்தில் தவறான நாளின் லாக்கைப் புரட்டிக்கொண்டிருந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

ஒரு படியை எப்படி எழுதுவது

பழைய ஆவணங்களில் வழக்கமாகக் காணும் வரி இது: "செயலியை மறுதொடக்கம் செய்து சரிபார்க்கவும்." எழுதியவருக்கு இது போதும். படிப்பவருக்கு இதில் ஒன்றும் இல்லை. அதையே இப்படி எழுதலாம்:

படி 4: செயலி-1 மெஷினில் புதிய பதிப்பை ஏற்றுதல்.
எங்கே: நுழைவு மெஷின் வழியாக செயலி-1-க்குள். உங்கள் லேப்டாப்பிலிருந்து நேரடியாக ஓட்டவேண்டாம்.
அதற்கு முன்: என்ஜின்எக்ஸில் செயலி-1-ஐ விலக்கிவிட்டு, அதற்குப் போகும் கோரிக்கைகள் நிற்கும்வரை காத்திருக்கவும். வழக்கமாக ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும்.
செய்யவேண்டியது: (இங்கே கட்டளை, நகலெடுத்து ஒட்டக்கூடிய வடிவில். மாற்றவேண்டிய பகுதி பதிப்பு எண் மட்டும்.)
தெரியவேண்டியது: நலம் காட்டும் முகவரி 200 (எல்லாம் சரி என்ற பதில்) தரவேண்டும். அதில் வரும் பதிப்பு எண், நீங்கள் ஏற்றிய எண்ணாகவே இருக்கவேண்டும்.
தெரியாவிட்டால்: இரண்டு நிமிடம் கழித்தும் 200 வராவிட்டால் செயலி-2-ஐத் தொடாதீர்கள். ரோல்பேக் (பழைய பதிப்புக்குத் திரும்புதல்) பக்கத்துக்குப் போங்கள்.

நீளமாகத்தான் இருக்கிறது. எல்லாப் படிக்கும் இவ்வளவு தேவைப்படாது. ஒரு கோப்பகத்துக்குள் நுழைவதற்கு ஐந்து வரி எழுதினால் படிப்பவர் எரிச்சலில் எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடுவார். நிலையை மாற்றும் படிகளுக்கு மட்டும் இந்த முழு வடிவம் கொடுங்கள்.

பதிப்பு எண்ணைப் பார்க்கச் சொல்லும் வரியைச் சாதாரணமாக நினைக்கவேண்டாம். பழைய செயலி நிற்காமலே ஓடிக்கொண்டிருந்தாலும் 200 வரும். புதியது ஏறவே இல்லை என்பது அப்போது தெரியாது. எல்லா மெஷினிலும் ஒரே பதிப்புதான் ஓடுகிறதா என்று கடைசியில் ஒருமுறை வரிசையாகப் பார்க்கும் படியும் இருக்கவேண்டும். முடிந்தால் அதை இன்னொருவர் பார்க்கவேண்டும்.

இது இல்லாமல் போனதால் ஒரு நிறுவனமே கைமாறியது. அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம், 2012 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கவிருந்த புதிய சேவைக்காக எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்றவேண்டியிருந்தது. ஏழில் ஏறியது, எட்டாவது விடுபட்டது. அந்த எட்டாவதில் ஆண்டுக்கணக்கில் பயன்படாத ஒரு பழைய நிரல் அப்படியே கிடந்தது. புதிய நிரலை இயக்குவதற்கு வைத்த அதே குறியீடு, அங்கே அந்தப் பழைய நிரலை எழுப்பிவிட்டது. 45 நிமிடத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்கள். 46 கோடி டாலருக்கும் அதிகமான நட்டம். டிப்ளாய்மென்ட்டை இன்னொருவர் சரிபார்க்கவேண்டும் என்று எழுதப்பட்ட நடைமுறை எதுவும் அங்கே இருக்கவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் தன் உத்தரவில் குறிப்பிட்டது. சந்தை திறப்பதற்கு முன்பே பிழையைக் காட்டும் 97 மின்னஞ்சல்கள் உள்ளுக்குள் போயிருந்தன. அவற்றை யாரும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைந்துவிட்டது.

ரோல்பேக் பக்கம்

நைட் கேப்பிட்டல் கதையில் பலர் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. கோளாறு ஓடிக்கொண்டிருக்கும்போதே, சரியாக ஏறியிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். வரும் ஆர்டர்களில் அந்தக் குறியீடு அப்படியே இருந்தது. எட்டாவது செய்துகொண்டிருந்ததை மற்ற ஏழும் செய்யத் தொடங்கின. பழையதற்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது ஒரு நம்பிக்கை மட்டுமே. எதெல்லாம் சேர்ந்து திரும்பவேண்டும் என்று பதற்றம் இல்லாத நேரத்தில் எழுதி வைத்திருக்கவேண்டும்.

நிரல் எளிதில் திரும்பும். டேட்டாபேஸ் திரும்பாது. புதிய பதிப்போடு சேர்ந்து ஒரு டேபிளிலிருந்து ஒரு பத்தியை, அதாவது ஒரு நெடுவரிசையை, நீக்கிவிட்டீர்கள் என்றால், பழைய நிரல் ஓடத் தொடங்கியதும் அந்தப் பத்தியைத் தேடிக் கீழே விழும். பத்தியைத் திரும்பச் சேர்த்தாலும் அதிலிருந்த தரவு வராது. அதனால்தான் அனுபவசாலிகள் முதல் வெளியீட்டில் அந்தப் பத்தியைப் பயன்படுத்துவதை நிறுத்துவார்கள். அது சிக்கலில்லாமல் ஓடுகிறது என்று தெரிந்த பிறகு, வேறொரு வெளியீட்டில் பத்தியை நீக்குவார்கள். உங்கள் ஆவணத்தில், எந்தப் படிக்குப் பிறகு திரும்ப முடியாதோ அந்தப் படிக்கு மேலே "இதற்குப் பிறகு ரோல்பேக் இல்லை" என்று தனி வரியாக எழுதுங்கள்.

யார் முடிவெடுப்பது என்பதையும் எழுதுங்கள். நம் அலுவலகங்களில் கட்டளை தெரியாமல் வீணாகும் நேரத்தைவிட, "மேலே கேட்காமல் செய்யலாமா" என்ற தயக்கத்தில் வீணாகும் நேரம் அதிகம் என்பது என் கருத்து. ஆன்-காலில் (கோளாறு வந்தால் எந்த நேரமும் கவனிக்கும் பொறுப்பில்) இருக்கும் புதியவர் இரவு 2 மணிக்கு மூத்தவரை எழுப்பத் தயங்குவார். தானாக ரோல்பேக் செய்யவும் பயப்படுவார். "பத்து நிமிடத்தில் பிழைகள் குறையாவிட்டால், ஆன்-காலில் இருப்பவர் யாரையும் கேட்காமல் ரோல்பேக் செய்யலாம்" என்று மேலாளர் ஒப்புதலோடு ஒரு வரி இருந்தால் போதும். அதற்குக் கீழே, எழுப்பவேண்டியவர்களின் பெயரும் வரிசையும். எந்த நேரமும் எழுப்பலாம், கோபித்துக்கொள்ளமாட்டார் என்று அந்த மூத்தவரையே எழுதவைத்தால் இன்னும் நல்லது.

ஆபத்தான கட்டளைகள்

2017 ஜனவரி 31 இரவு, நிரல்களைச் சேமிக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் இரண்டாம் நிலை (நகல்) டேட்டாபேஸின் கோப்பகத்தை அழிப்பதாக நினைத்து முதன்மை டேட்டாபேஸில் கட்டளையை ஓட்டிவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப்பைத் தேடினால், போஸ்ட்கிரெஸ் 9.6-ல் ஓடிய டேட்டாபேஸை 9.2 பதிப்புக் கருவி எடுக்க முயன்று ஒவ்வொரு முறையும் தோற்றிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. இவையெல்லாம் வெளியே தெரிவதற்குக் காரணம், அவர்கள் எதையும் மறைக்காமல் வெளியிட்டதுதான்.

இதிலிருந்து உங்கள் ஆவணத்துக்கு இரண்டு மாற்றம். அழிக்கும், நிறுத்தும் கட்டளை எதுவாக இருந்தாலும் அதற்கு முந்தைய படி, எந்த மெஷினில் இருக்கிறோம் என்று காட்டும் கட்டளையாக இருக்கட்டும். என்ன பெயர் திரையில் வரவேண்டும் என்பதும் கூடவே இருக்கட்டும். இரண்டாவது, பேக்கப் பக்கத்தில் "தினமும் இரவு பேக்கப் எடுக்கப்படுகிறது" என்ற வரியை நம்பாதீர்கள். கடைசியாக அதிலிருந்து தரவை மீட்டுப் பார்த்தது எந்தத் தேதியில், யார், எவ்வளவு நேரம் பிடித்தது என்று எழுதுங்கள். மீட்டுப் பார்த்ததே இல்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். யாராவது கேட்பார்கள்; கேட்கவேண்டும்.

எழுதி வைத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. அதே ஆண்டு பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவை வட வர்ஜீனியாவில் மணிக்கணக்கில் முடங்கியது. அனுமதி பெற்ற ஊழியர்தான், எழுதி வைத்த நடைமுறைப்படிதான் கட்டளையை ஓட்டினார். கொடுத்த உள்ளீடு ஒன்று பிசகியதால், சில சர்வர்களை விலக்கவேண்டிய கட்டளை மிகப் பலவற்றை விலக்கிவிட்டது. பிறகு அவர்கள் கருவியையே மாற்றினார்கள்: சர்வர்களை மெதுவாகத்தான் விலக்கும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவே விடாது. ஒரே படிக்கு "கவனம்" என்று மூன்றாவது முறை எழுதுகிறீர்கள் என்றால், அந்தப் படியை ஸ்கிரிப்ட்டாக்கி, தப்பான உள்ளீட்டை அதுவே மறுக்கும்படி செய்துவிடுவது மேல்.

அலர்ட் வந்தால்

ஒவ்வொரு அலர்ட்டுக்கும் ஒரு பக்கம். தலைப்பு அலர்ட்டில் வரும் வாசகமாகவே இருக்கட்டும். தூக்கத்திலிருந்து எழுந்தவர் அதை நகலெடுத்துத் தேடுவார், உங்கள் அழகான தலைப்பைத் தேடமாட்டார். உள்ளே முதலில் பயனருக்கு என்ன பாதிப்பு, அடுத்து உடனடி நிவாரணம். காரணம் தேடுவது பக்கத்தின் கடைசியில் போகட்டும்.

டிஸ்க் நிரம்பிவிட்டது என்ற அலர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் பெரிய லாக் கோப்பைத் தேடி அழிப்பார்கள். அழித்த பிறகும் டிஸ்க் 100 சதவீதம் என்றே காட்டும். கோப்பகங்களின் அளவைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கும். அந்தக் கோப்பை ஏதோ ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். பெயர்தான் போயிருக்கிறது, இடம் விடுபடவில்லை. அந்த நிரலை மறுதொடக்கம் செய்தால் இடம் திரும்பும். இந்த நாலு வரி பக்கத்தில் இருந்தால், தெரியாதவர் குழம்பி நிற்கும் நேரம் மிச்சம்.

அதே பக்கத்தில், எதை அழிக்கவே கூடாது என்பதும் வேண்டும். போஸ்ட்கிரெஸில் பரிவர்த்தனைப் பதிவுகள் இருக்கும் கோப்பகத்துக்கு முன்பு பிஜி_எக்ஸ்லாக் என்று பெயர். பெயரில் லாக் என்று இருந்ததால் டிஸ்க் நிரம்பும்போது அதை அழித்து டேட்டாபேஸையே இழந்தவர்கள் உண்டு. 2017-ல் வந்த 10-ஆம் பதிப்பில் அதன் பெயரை பிஜி_வால் என்று மாற்றியதற்கு இதுதான் முக்கியக் காரணம். உங்கள் சர்வரில் அப்படி ஏமாற்றும் பெயர்கள் இருக்கின்றனவா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சில்லறை விஷயங்கள்

பாஸ்வேர்டையும் டோக்கனையும் ஆவணத்தில் எழுதாதீர்கள். எந்தப் பெட்டகத்தில் இருக்கிறது, யாரிடம் அனுமதி கேட்பது என்று மட்டும் எழுதுங்கள். தவறிப்போய் கிட்டில் (நிரல் மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கருவியில்) ஏற்றிவிட்டால் வரியை அழிப்பதால் பயனில்லை, வரலாற்றில் இருக்கும். பாஸ்வேர்டையே மாற்றவேண்டும்.

தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சர்ட்டிபிகேட்டுகளின் காலாவதித் தேதிகளுக்கு ஒரு பக்கம் வைத்திருந்தால், அதைப் புதுப்பிக்கும் வேலையைத் தானியங்கியாக்கச் சொல்லி வற்புறுத்துங்கள். இலவசமாகச் சர்ட்டிபிகேட் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் 90 நாளுக்குத்தான் கொடுத்துவந்தது. பொதுச் சர்ட்டிபிகேட்டுகளின் அதிகபட்ச ஆயுளை 2029-க்குள் 47 நாளாகக் குறைப்பதாக ஏற்கெனவே முடிவாகிவிட்டது. கையால் செய்கிறவர்கள் தாக்குப்பிடிக்க முடியாது.

ஆவணம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். எஸ்3 முடங்கிய அன்று, சேவைகளின் நிலையைக் காட்டும் பலகையும் எஸ்3-ஐ நம்பியிருந்ததால் அமேசானால் அதைப் புதுப்பிக்க முடியவில்லை. உங்கள் விக்கி நீங்கள் பராமரிக்கும் அதே சர்வரில் ஓடுகிறது என்றால், ரோல்பேக் பக்கத்தின் ஒரு நகல் வேறிடத்தில் இருக்கட்டும். என் விருப்பம், நிரல் இருக்கும் ரிப்போவிலேயே (களஞ்சியத்திலேயே) ஆவணமும் இருப்பது. ஒவ்வொருவர் லேப்டாப்பிலும் தானாக ஒரு நகல் இருக்கும். நிரலை மாற்றுகிறவர் ஒப்புதலுக்கு அனுப்பும் அதே மாற்றக் கோரிக்கையில் ஆவணத்தையும் மாற்றினாரா என்று பார்த்து ஒப்புதல் கொடுக்கலாம்.

ஓட்டிப் பார்த்தல்

எழுதி முடித்ததும் மூத்தவரிடம் காட்டிச் சரி என்று வாங்கிக்கொள்வது வழக்கம். அதைச் செய்யுங்கள், தவறான தகவல் இருந்தால் அவர் பிடிப்பார். விடுபட்டதை அவரால் பிடிக்க முடியாது. இல்லாத வரியை அவர் மனம் தானாக நிரப்பிக்கொண்டே படிக்கும். அதற்கு அந்த சிஸ்டத்தைத் தொடாத ஒருவர் வேண்டும். அடுத்துச் சேருகிறவர் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் பக்கத்துக் குழுவிலிருந்து ஒருவர்.

ஸ்டேஜிங்கில் (பயனர்கள் தொடாத சோதனைச் சூழலில்) அவரை உட்காரவைத்து, ஆவணத்தை மட்டும் கொடுத்து, முழு டிப்ளாய்மென்ட்டையும் ரோல்பேக்கையும் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் உட்காருங்கள், பேசாதீர்கள். இது நினைப்பதைவிடக் கடினம்; அவர் தவறான மெஷினில் நுழையும்போது உங்கள் வாய் தானாகத் திறக்கும். ஸ்டேஜிங்தான், நுழையட்டும். அவர் உங்களைத் திரும்பிப் பார்க்கும் இடம், இரண்டு முறை படிக்கும் இடம், கட்டளையை ஒட்டிவிட்டு என்டர் தட்டத் தயங்கும் இடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தயக்கம் வந்த இடத்தில் பெரும்பாலும் "தெரியவேண்டியது" வரி விடுபட்டிருக்கும்.

அவர் எழுந்து போவதற்குள் அந்த இடங்களைத் திருத்தி, பக்கத்தின் உச்சியில் "கடைசியாக ஓட்டிப் பார்த்தது" என்று அன்றைய தேதியையும் அவர் பெயரையும் போடுங்கள். அடுத்த மூன்று மாதத்துக்கு அந்தப் பக்கத்தைத் திருத்தும் பொறுப்பும் அவருடையதே என்று அங்கேயே பேசி முடித்துவிடுங்கள்.